கரண்டி உரசினாலே காதில் நாராசம்!

கேள்வி: எனக்கு வயது 48. தட்டில் கரண்டி உரசினாலோ, நாற்காலியைத் தரையில் இழுத்தாலோ முன்பெல்லாம் பல் கூசும், அதோடு சரி. ஓராண்டாகக் காதில் நாராசம் பாய்ச்சியது போல வலிக்கிறது. ஆனால் பக்கத்தில் இருப்பவர் மெதுவாகப் பேசினால் பாதிதான் கேட்கிறது. நாள் முழுக்கப் பஞ்சு வைத்துக்கொள்கிறேன். நரம்புத் தளர்ச்சியா?

பதில்: நரம்புத் தளர்ச்சி என்று நீங்களே முடிவுகட்ட வேண்டாம். கீச்சென்ற சத்தத்துக்குப் பல் கூசுவது பெரும்பாலோருக்கு உள்ளதுதான். 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியில்தான் நம் காது மிகக் கூர்மை. ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள காதுக் குழாயே 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலியைப் பெருக்கி உள்ளே அனுப்புகிறது. உரசல் சத்தத்தின் உறுத்தலும் பெரும்பாலும் இந்த வரம்புக்குள்தான்.

வலி வேறு விஷயம். மெதுவான பேச்சு கேட்கவில்லை என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் முக்கியம். உள்காதின் நத்தை வடிவ எலும்புக்குள் இருந்து ஒலியை உணரும் மயிர்ச் செல்கள் பழுதானால் சின்னச் சத்தம் காதில் ஏறாது. சற்றே கூடினால் தாங்காது. இப்படிப்பட்டவர்கள் “கொஞ்சம் சத்தமா சொல்லுங்க” என்பார்கள், சத்தமாகச் சொன்னால் “ஏன் கத்துறீங்க?” என்று முகம் சுளிப்பார்கள். வீட்டில் பாதிச் சண்டை இதனால்தான். உங்களுக்கும் இதுவே என்று பார்க்காமல் அடித்துச் சொல்ல மாட்டேன். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டி, கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராம் எடுத்துவிடுங்கள். சத்தம் கேட்கும்போது ஒற்றைத் தலைவலியும் குமட்டலும் சேர்ந்து வருமானால் அதையும் சொல்லுங்கள். மைக்ரேன் எனும் இந்த ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும் சத்தம் ஆகாது.

பஞ்சை இன்றே எடுத்துவிடுங்கள். ஒலி குறையக் குறைய மூளை தன் வால்யூமைக் கூட்டிக்கொண்டே போகும். எடுத்த அன்று சாதாரணச் சத்தமும் இடியாக விழும். டிரில்லிங் மெஷின் மாதிரி நிஜமாகவே பெரிய சத்தத்துக்கு மட்டும் இயர்பிளக் போதும். கேட்கும் திறன் குறைந்திருந்தால், பெரிய சத்தத்தைத் தானே கட்டுப்படுத்தும் காதொலிக் கருவி இருக்கிறது. திறன் குறையாமல் கூச்சம் மட்டும் என்றால், மெல்லிய ஒலியைத் தினமும் கேட்கவைத்துப் பழக்கும் சிகிச்சை உண்டு. பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகும்.

அப்புறம், தொந்தரவு ஒரு காதில் மட்டும்தான் என்றால் டாக்டரிடம் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்; எம்.ஆர்.ஐ. தேவைப்படலாம். திடீரென்று ஒரு காது அடைத்துக் கேட்காமல் போனாலோ, முகம் ஒரு பக்கம் கோணினாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.