ஷெரிஃபின் நிதியும் உங்கள் சொத்துவரியும்

கேள்வி: லாஸ் ஏஞ்சலஸ் கவுன்ட்டியில் (நம்மூர் மாவட்டம் போன்றது) இருபது ஆண்டுகளாகச் சொத்துவரி கட்டி வருகிறேன். கவுன்ட்டியின் காவலையும் சிறைகளையும் கவனிக்கும் ஷெரிஃப் துறைக்கான நிதியைக் குறைத்து, 'சிறைக்கு மாற்று' என்ற பெயரில் கைதானவர்களுக்குத் தங்குமிடமும் வைத்தியமும் கொடுக்க வேண்டும் என்கிறார்கள். குற்றம் செய்தவனுக்கு வீடு, ஒழுங்காக வாழ்பவனுக்கு வரியா? நீங்களும் இதற்கு ஒத்து ஊதுகிறீர்களா? (ஒரு வாசகர், செரிடோஸ்)

பதில்: ஒத்து ஊதத்தான் செய்கிறோம், அதுவும் நீங்கள் கவலைப்படும் அந்த வரிப்பணத்தை முன்னிட்டே.

முதலில் 'குற்றம் செய்தவன்' என்ற சொல்லைப் பார்ப்போம். கவுன்ட்டிச் சிறையும், நீண்ட தண்டனை பெற்றவர்கள் போகும் மாநிலச் சிறையும் வேறு வேறு. அமெரிக்காவின் உள்ளூர்ச் சிறைகளில் எந்த ஒரு நாளில் கணக்கெடுத்தாலும், உள்ளே இருப்பவர்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் இன்னும் தீர்ப்பு வராத விசாரணைக் கைதிகள். ஜாமீன் கட்டப் பணம் உள்ளவர் அன்றே வீடு திரும்ப, இல்லாதவர் உள்ளே கிடந்த வழக்கத்தின் மிச்சம் இது. லாஸ் ஏஞ்சலஸில் 2023 அக்டோபரிலிருந்து சிறு குற்றங்களுக்கு இந்த முறை தளர்த்தப்பட்டிருக்கிறது. ஆனால் உங்கள் கேள்விக்குள் வரும் மனிதர் பெரும்பாலும் வேறு ஒருவர். இக்கவுன்ட்டியின் சிறைகளில் பத்தில் நான்கு பேர் அளவுக்கு மனநல சிகிச்சை தேவைப்படுபவர்கள் இருக்கிறார்கள்.

அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்பதை நீதிமன்றப் பதிவேடே சொல்கிறது. நகரின் மையத்தில், போஷே தெருச் சிறை வளாகத்தில், புதிதாகக் கைதானவர்களைப் பதிவு செய்யும் கூடம் ஒன்று உண்டு. 2022 செப்டம்பரில் கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு வந்த மனுவின்படி, சித்தம் கலங்கியவர்கள் அங்கே நாற்காலிகளில் சங்கிலியால் பிணைக்கப்பட்டு நாட்கணக்கில் உட்கார வைக்கப்பட்டிருந்தார்கள். படுக்க இடமின்றிக் குப்பைக்கும் மலஜலத்துக்கும் நடுவே தரையில் உறங்கினார்கள். ஒருவரை அந்தக் கூடத்தில் 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, நான்கு மணி நேரத்துக்கு மேல் நாற்காலியில் பூட்டி வைக்கக் கூடாது என்று நீதிபதி உத்தரவிட வேண்டியிருந்தது. மனிதரை நாற்காலியில் எத்தனை மணி நேரம் பூட்டலாம் என்பதை நீதிமன்றம் அளந்து சொல்ல வேண்டிய நிலைமைக்கும் சேர்த்துத்தான் நீங்கள் வரி கட்டினீர்கள்.

இனி கணக்குக்கு வருவோம். ஷெரிஃப் துறையின் ஆண்டு நிதி 400 கோடி டாலரைச் சுற்றி நிற்கிறது. செரிடோஸுக்குத் தனிக் காவல்துறை இல்லை. உங்கள் தெருவில் ரோந்து வரும் காருக்கு உங்கள் நகராட்சி ஒப்பந்தப்படி ஷெரிஃப் துறைக்குக் கட்டணம் செலுத்துகிறது. சிறைச் செலவு குறைந்தால் அந்தக் கார் நின்றுவிடும் என்ற அச்சத்தை எந்த அரசியல்வாதி ஊட்டினாலும், இந்த ஒப்பந்தத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு செய்தி யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகெய்ட் திட்டம் 1965இல் வந்தபோதே, சிறைக்குள் இருப்பவரின் வைத்தியத்துக்குக் கூட்டாட்சிப் பணம் கிடையாது என்று விதி வைத்துவிட்டார்கள். ஒரே நோயாளி, ஒரே மாத்திரை. வெளியே இருந்தால் செலவில் பெரும்பங்கை வாஷிங்டன் ஏற்கிறது, உள்ளே போனால் முழுச் செலவும் கவுன்ட்டியின் தலையில், அதாவது உங்கள் தலையில் விழுகிறது. விடுதலைக்கு முந்தைய 90 நாட்களுக்கு மட்டும் இந்த விதியைத் தளர்த்திக்கொள்ளக் கலிபோர்னியாவுக்கு 2023 ஜனவரியில்தான் அனுமதி கிடைத்தது.

ஃபுளோரிடாவின் மயாமி-டேட் கவுன்ட்டியில் அடிக்கடி கைதாகும் மனநோயாளிகள் 97 பேரின் கணக்கைத் தனியே எடுத்துப் பார்த்தார்கள். ஐந்தே ஆண்டுகளில் அவர்கள் 2,200 முறை கைதாகி, மொத்தமாக 27,000 நாட்களைச் சிறையில் கழித்திருந்தார்கள். அவர்களுக்கான பொதுச்செலவு ஒரு கோடி டாலரைத் தாண்டியது. ஐந்தாண்டு முடிவில் ஒருவருக்காவது நோய் தணிந்ததா என்று கேட்டால், அத்தனை பணமும் அதற்காகச் செலவழிக்கப்பட்டதே அல்ல. இதற்கு நேர்மாறாக, லாஸ் ஏஞ்சலஸ் கவுன்ட்டி 2015இல் தொடங்கிய திசைமாற்ற அலுவலகம், இப்படிப்பட்டவர்களை நீதிபதியின் சம்மதத்தோடு சிறையிலிருந்து எடுத்து, வழக்குக் கண்காணிப்பும் சிகிச்சையும் சேர்ந்த வீடுகளில் வைத்தது. ராண்ட் ஆய்வு நிறுவனம் அங்கிருந்த 311 பேரைப் பார்த்தபோது, ஓராண்டு கழித்தும் 74 விழுக்காட்டினர் நிலையான இருப்பிடத்தில் இருந்தார்கள். 86 விழுக்காட்டினர் மீது புதிதாகப் பெருங்குற்றத் தீர்ப்பு ஏதும் இல்லை. நீங்கள் 'வீடு கொடுக்கிறார்கள்' என்று குறைப்பட்டுக்கொள்வது இதைத்தான். அதே நிறுவனம் 2020இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, சிறையின் மனநலப் பிரிவில் இருந்தவர்களில் 61 விழுக்காட்டினர் இத்தகைய ஏற்பாட்டுக்குத் தகுதியானவர்கள் என்று மதிப்பிட்டது. எஞ்சிய 39 விழுக்காட்டினரைத் திறந்துவிடச் சொல்லி நாங்கள் எழுதவில்லை.

ஷெரிஃபை வில்லனாக்குவதிலும் எங்களுக்கு உடன்பாடு இல்லை. காவலில் வை என்று நீதிபதி ஒப்படைப்பவரை 'இடமில்லை, திரும்பக் கூட்டிப் போங்கள்' என்று அவர் சொல்ல முடியாது. எங்கள் கோபமெல்லாம் கவுன்ட்டியை ஆளும், ஐந்து பேர் கொண்ட சூப்பர்வைசர்கள் மன்றத்தின் மீதுதான். 170 கோடி டாலர் செலவில் புதிய சிறை கட்டும் ஒப்பந்தத்தை 2019 ஆகஸ்டில் ரத்து செய்தார்கள், சரியான முடிவு. 'முதலில் பராமரிப்பு, கடைசியில்தான் சிறை' என்று 114 பரிந்துரைகள் கொண்ட அறிக்கையை 2020இல் பெற்றுக்கொண்டார்கள். 1963இல் திறக்கப்பட்ட ஆண்கள் மத்தியச் சிறையை ஓராண்டுக்குள் மூட வழி சொல்லுங்கள் என்று அதே ஆண்டு ஜூலையில் கேட்டார்கள். சிறை இன்றும் இயங்குகிறது. வெளியே போதிய படுக்கைகளை உருவாக்காமல் உள்ளே இருப்பவற்றை மூடுவேன் என்பது அறிக்கை விடத்தான் உதவும். உள்ளூர் வருவாயில் பத்தில் ஒரு பங்கையாவது இப்பணிகளுக்கு ஒதுக்க வேண்டும் என்று 2020 நவம்பரில் 57 விழுக்காடு வாக்காளர்கள் நிறைவேற்றிய 'மெஷர் ஜே' என்ற உள்ளூர்ச் சட்டம் வழக்கில் சிக்கி, 2021இல் செல்லாததாகி, 2023 ஜூலையில் மேல்முறையீட்டில்தான் உயிர் பெற்றது என்பது உண்மை. ஆனால் அதையே எத்தனை காலம் சாக்காகச் சொல்வது?

வாக்காளர்களும் சளைத்தவர்கள் அல்லர். போதைப் பழக்கத்தால் திரும்பத் திரும்பப் பிடிபடுவோர் சிகிச்சைக்குப் போக வேண்டும், மறுத்தால் சிறை என்ற 36ஆம் முன்மொழிவை 2024 நவம்பரில் மாநிலம் முழுவதும் பெருவாரியாக ஏற்றுக்கொண்டார்கள். சிகிச்சைக்கான பணம் எங்கிருந்து வரும் என்று அந்தச் சட்டத்தில் ஒரு வரி இல்லை. நீங்களும் அதற்கு 'ஆம்' என்று குத்தியிருந்தால், மாற்று ஏற்பாட்டைக் கேட்டவர்களில் நீங்களும் ஒருவர்.

கவுன்ட்டியின் வரவு செலவுத் திட்டம் ஏப்ரலில் மன்றத்தின் முன் வைக்கப்படும். மே மாதம் பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம். ஷெரிஃபுக்கு எவ்வளவு என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், இந்த ஆண்டு சிறைக்கு வெளியே எத்தனை மனநலப் படுக்கைகள் திறக்கப்படும், எந்த மாதத்தில், எந்த ஊரில் என்றும் கேளுங்கள். செரிடோஸில் ஒன்று என்று பதில் வந்தால், எதிர்ப்பு மனுவில் கையெழுத்துப் போடும் முன் இதே பகுதிக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள்.