தயிர் டப்பாவில் எழுதிய பெயர்: மாடித்தோட்டக் கேள்வி–பதில்

ஆடிப்பட்டத்துக்கு விதை போட்டவர்கள் இந்த முறை அதிகம் கேட்டிருப்பது செடிக்குப் பக்கத்தில் நடும் பெயர்க்குச்சியைப் பற்றித்தான்.

தயிர் டப்பாவை நறுக்கிக் குச்சி செய்து, அழியாத மார்க்கர் பேனாவால் எழுதினேன். இரண்டே மாதத்தில் எழுத்து போய்விட்டது. ஏன்?

அந்தப் பேனாவின் மை தண்ணீருக்குத்தான் அழியாது. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்கள் அதன் சாயத்தைச் சிதைத்துவிடும். பென்சிலுக்கு மாறிவிடுங்கள். பென்சில் முனையில் இருப்பது கிராஃபைட், அதாவது ஒரு வகைக் கரி. வெயில் அதை ஒன்றும் செய்யாது. டப்பாத் துண்டை உப்புத்தாளால் நாலு தேய் தேய்த்துச் சொரசொரப்பாக்கிவிட்டு, 2பி அல்லது 4பி பென்சிலால் அழுத்தி எழுதுங்கள்.

இதை நான் நஷ்டப்பட்டுத்தான் கற்றேன். ஒரு கோடையில் சம்பா மிளகாயும், ராமநாதபுரத்து உறவினர் கொடுத்த முண்டு மிளகாயும் விதைத்தேன். மிளகாய் முளைக்கவே பத்து நாள் ஆகும், நாற்றைப் பிடுங்கி நட நாற்பது நாள் ஆகும். நடப்போன அன்று குச்சிகள் எல்லாம் வெள்ளையாக நின்றன. இலையைப் பார்த்துப் பிரிக்கத் தெரியவில்லை. காய் உருண்டையாகத் திரண்ட பிறகுதான் முண்டு எதுவென்று புரிந்தது. அதற்குள் இரண்டும் கலந்து நின்று பூத்துவிட்டன. தேனீக்கள் இங்கும் அங்கும் போய் வந்தபின் அதில் விதை எடுத்தால் வகை சுத்தமாக இருக்காது. அந்த விதை என்னிடம் அத்தோடு போயிற்று. அன்றிலிருந்து மண்ணுக்குள் புதையும் பாதியிலும் பெயரை எழுதிவைக்கிறேன். அங்கே வெயில் எட்டாது.

ஐஸ்கிரீம் குச்சிகள் நிறையச் சேர்ந்திருக்கின்றன. பயன்படுத்தலாமா?

கீரைக்கும் நாற்றுத்தட்டுக்கும் தாராளமாக. கீரை ஒரு மாதத்தில் அறுவடைக்கு வந்துவிடும், குச்சியும் அதுவரை தாங்கும். கத்தரி, வெண்டை போல மாதக்கணக்கில் நிற்கும் செடிக்கு வேண்டாம். ஈரத்தில் மக்கும், இல்லையென்றால் கரையான் தின்றுவிடும். எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தியை உருக்கி அடிப்பாகத்தை முக்கி எடுத்தால் இன்னும் சில வாரம் கூடுதலாக நிற்கும்.

கொய்யா, எலுமிச்சை, ஒட்டுமாங்கன்று வைத்திருக்கிறேன். வருடக்கணக்கில் நிற்கும் பெயரட்டையை எதில் செய்வது?

காலியான அலுமினியக் குளிர்பான டப்பாவில். மேல்மூடியையும் அடியையும் வெட்டி நீக்கிவிட்டு, நெடுக்காகப் பிளந்து தகடாக விரியுங்கள். வெட்டிய ஓரம் பிளேடு போல இருக்கும், அதனால் தடித்த துணியாவது கையில் சுற்றிக்கொள்ளுங்கள். இரண்டு விரல் அகலத்தில் பட்டை வெட்டி, ஓரங்களை உள்ளே மடித்துக் கரண்டியின் முதுகால் தட்டிவிடுங்கள். பிறகு நாலைந்தாக மடித்த செய்தித்தாள் மேல் அதை வைத்து, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதுங்கள். எழுத்து பள்ளமாக இறங்கும். விரலால் தடவினாலே பெயர் தெரியும். மை எதுவும் இல்லாததால் வெளுக்க ஒன்றுமில்லை.

ஆணியால் துளை போட்டு, பழைய மின்கம்பித் துண்டால் கிளையில் தொங்கவிடலாம். கம்பி வளையத்துக்குள் கட்டாயம் இரண்டு விரல் நுழைய வேண்டும். இறுக்கிக் கட்டினால், கன்று பருக்கப் பருக்கக் கம்பி மரப்பட்டைக்குள் புதையும். இலையிலிருந்து வேருக்கு உணவு இறங்குவது பட்டை வழியாகத்தான். நாற்றங்காலில் கட்டிய அட்டையை அப்படியே விட்டதால் கம்பிக்கு மேலே வீங்கி, கீழே மெலிந்துபோன ஒரு மாங்கன்றைப் பார்த்திருக்கிறேன். உங்கள் கன்றில் அப்படி ஏதாவது கம்பி இருந்தால் இன்றே வெட்டிவிடுங்கள்.

பரணில் பழைய பெயின்ட் டப்பா இருக்கிறது. ஓட்டுத் துண்டுகளில் பூசி எழுதலாமா?

எத்தனை வருடப் பழையது என்று பாருங்கள். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய டப்பாவாக இருந்தால் காய்கறித் தொட்டிப் பக்கமே கொண்டுபோக வேண்டாம். உரிந்து மண்ணில் விழும் ஈயம் மக்கிப் போகாது. உடைந்த ஓட்டில் ஆணியால் கீறி எழுதினாலே போதும், பார்க்கவும் அழகாக இருக்கும்.

பெயரைத் தவிர வேறு என்ன எழுத வேண்டும்?

வகை, விதைத்த தேதி, விதை எங்கிருந்து வந்தது. வெறுமனே 'கத்தரி' என்று எழுதினால் ஆறு மாதம் கழித்து உங்களுக்கே உதவாது.

தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவர் என் அம்மா. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவருக்கு எப்படிப்பட்ட அடையாளம் வைப்பது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. வீட்டில் ஜோடி தொலைந்த பிளாஸ்டிக் வளையல்கள் கிடக்கும், எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு செடிக்கும் ஒரு குச்சி ஊன்றி வளையலை மாட்டிவிடுங்கள். எந்த நிறம் எந்தச் செடிக்கு என்பதை மட்டும் அம்மாவே முடிவு செய்யட்டும். நாம் சிவப்பைத் தக்காளிக்கு என்று நினைப்போம், அவர் மிளகாய்க்கு என்பார். அவர் சொல்வதே இருக்கட்டும். விதைக்கு விடும் காயின் காம்பில் அதே நிறத்தில் ஒரு நூலைத் தளர்வாகக் கட்டச் சொல்லுங்கள். சமையலுக்குப் பறிக்கிறவர்கள் அதில் கை வைக்க மாட்டார்கள்.