ரிசர்ச் மெத்தட்ஸில் அரியரா? கோர்ஸுக்குப் பணம் கட்டுவதற்கு முன்

பி.எஸ்சி. சைக்காலஜி இரண்டாம் ஆண்டு படிக்கும் மகளுக்கு ரிசர்ச் மெத்தட்ஸ் தாளில் அரியர் விழுந்துவிட்டது, பணம் கட்டி ஆன்லைன் கோர்ஸ் ஒன்றில் சேர்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் அம்மா. இந்தத் தாளுக்கு வேண்டிய பாடம் இலவசமாகவே கிடைக்கிறது. படித்ததைத் தானே ஒருமுறை செய்து பார்க்காததால்தான் பல பிள்ளைகள் இதில் தடுமாறுகிறார்கள்.

முதலில் பாடம். இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் எம்.ஏ. சைக்காலஜி பாடநூல்கள் ஈ-ஞானகோஷ் தளத்தில் பிடிஎஃப்பாக இருக்கின்றன. எம்பிசி (MPC) 005 என்ற எண்ணில் இருப்பது ஆய்வு முறைகளுக்கு, எம்பிசி 006 புள்ளியியலுக்கு. எம்.ஏ. என்றதும் பயப்பட வேண்டியதில்லை, அடிப்படையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். வீடியோ பார்த்தால்தான் புரியும் என்றால் ஸ்வயம் தளத்தில் தேடலாம். பாடம் கேட்கக் கட்டணமில்லை, சான்றிதழ்த் தேர்வு எழுதினால்தான் பணம். ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும். எல்லாவற்றையும் டவுன்லோடு செய்து அடுக்கிவைக்கும் பிள்ளைகளைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

அப்புறம், மகளை வீட்டிலேயே ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். 1935இல் உளவியலாளர் ஸ்ட்ரூப் வெளியிட்ட சோதனையின் எளிய வடிவம் இது, தமிழிலேயே செய்யலாம். ஒரு தாளில் 'சிவப்பு', 'பச்சை', 'நீலம்' என்று அந்தந்த நிற மையிலேயே எழுத வேண்டும். இன்னொரு தாளில் 'சிவப்பு' என்பதைப் பச்சை மையில், 'நீலம்' என்பதைச் சிவப்பு மையில், இப்படி மாற்றி எழுத வேண்டும். சொல்லைப் படிக்காமல் மையின் நிறத்தை மட்டும் சொல்லச் சொல்லி, செல்போனில் நேரம் பார்க்க வேண்டும். இரண்டாவது தாளில் அநேகமாக எல்லோரும் திணறுவார்கள். இரண்டு தாளுக்கும் உள்ள நேர வித்தியாசம் பெரியது என்பதால் பத்துப் பேரிலேயே தெரிந்துவிடும்.

புத்தகத்தில் பல பக்கம் வருவது இதிலேயே வந்துவிடுகிறது. எந்தத் தாள் என்பது சாரா மாறி, அதாவது நாம் மாற்றுவது; எடுத்துக்கொண்ட நேரம் சார்ந்த மாறி, அதாவது நாம் அளப்பது. எல்லோருக்கும் முதல் தாளையே முதலில் கொடுத்தால், இரண்டாவதில் வந்த தாமதம் களைப்பாலா என்ற கேள்வி வரும். அதனால் பாதிப் பேருக்கு வரிசையை மாற்ற வேண்டும். இன்னும் சரளமாகப் படிக்கத் தெரியாத சின்னப் பிள்ளையைச் சேர்க்கலாமா? நிறக்குருடு உள்ளவரை? இந்த இடத்தில் அவளே யோசிக்கட்டும், நீங்கள் விடை சொல்ல வேண்டாம். விருப்பம் கேட்டுவிட்டுத்தான் யாரையும் உட்காரவைக்க வேண்டும், அதுவும் பாடம்தான்.

கிடைத்த எண்களை ஜமோவி அல்லது ஜாஸ்ப் என்ற இலவச மென்பொருளில் போட்டு, ஒரே ஆளின் இரண்டு நேரங்களையும் ஒப்பிடும் பேர்டு டி-டெஸ்ட் பார்க்கச் சொல்லுங்கள். வைவாவில் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. அந்த டெஸ்ட் தரும் பி மதிப்பு 0.05க்குக் கீழே வந்தால் கருதுகோள் 95 சதவீதம் உண்மை என்று சொல்லிவிடுகிறார்கள். அது தவறு. உண்மையில் வித்தியாசமே இல்லை என்று வைத்துக்கொண்டால், இவ்வளவோ இதற்கு மேலோ வித்தியாசம் தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு என்பதைத்தான் அது சொல்கிறது.

பழைய பாடநூல்களில் இருக்க வழியில்லாத ஒரு விஷயமும் அவளுக்குத் தெரிய வேண்டும். 2015இல் 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தபோது, சுமார் 36 சதவீதத்தில்தான் புள்ளியியல்படி குறிப்பிடத்தக்க முடிவு மறுபடியும் கிடைத்தது. அந்தத் தரவுகள், ஆய்வுத் தரவுகளைப் பகிரும் ஓஎஸ்எஃப் தளத்தில் திறந்தே கிடக்கின்றன.

அரியரை முடித்தால் போதும் என்றும் விட்டுவிடாதீர்கள். கல்லூரி ஆசிரியர் பணிக்கான யூஜிசி நெட் தேர்வின் சைக்காலஜி பாடத்திட்டத்தில் ஆய்வு முறையும் புள்ளியியலும் தனி அலகாகவே இருக்கின்றன.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. பாடத்தை ஆன்லைனில் படிப்பது வேறு, பட்டத்தை ஆன்லைனில் வாங்குவது வேறு. 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து சைக்காலஜிப் பட்டப்படிப்புகளைத் தொலைதூர, ஆன்லைன் வழியில் நடத்தக்கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசி நிறுத்தியிருக்கிறது. 'வீட்டிலிருந்தே எம்.எஸ்சி. சைக்காலஜி' என்று யாராவது போன் செய்தால், பணம் கட்டும் முன் யூஜிசி தளத்தில் இப்போதைய அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். எம்.எஸ்சி.க்கு நேரடிக் கல்லூரியே சரி.