ஆண்டில் எத்தனை நாள் உங்கள் வீதி இருக்கிறது?

கேள்வி: போக்குவரத்து ஒதுக்கீடு கிடைத்தால் எதைச் செய்யலாம் என்று எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்திடம் முன்மொழிவு கேட்டிருக்கிறார்கள். உள்வீதிக்குக் கொங்கிறீட் போடுவோம் என்கிறது ஒரு பக்கம். மாரியில் மூழ்கும் மதகடியை உயர்த்துவோம் என்கிறது மறுபக்கம். கனடாவின் வடக்கே சில நூறு பேருக்காக விமானத் தளமே வைத்திருக்கிறார்கள் என்கிறார் அங்குள்ள என் மைத்துனர். அப்படிச் செலவழிப்பதற்கு என்ன நியாயம்? அது நமக்குப் பொருந்துமா?
– வாசகர் ஒருவர், வெல்லாவெளி

பதில்: மைத்துனர் சொல்வது சரியே. நுனாவுட் ஆட்புலத்தின் 25 ஊர்களையும் ஒன்றோடொன்று இணைக்கவோ தெற்கோடு இணைக்கவோ வீதி கிடையாது. கடற்பனி உருகியிருக்கும் கோடையில் கப்பல் வரும். மற்றைய மாதங்களில் நோயாளியும் மரக்கறியும் விமானத்தில்தான் போய்வர வேண்டும். ஆகவே அங்கே ஓடுபாதை ஆடம்பரமன்று, அதுதான் பிரதான வீதி. செலவைப் பயணிகளின் தொகையால் வகுத்துப் பார்த்தால் பணம் எப்போதும் பட்டணத்துக்கே போய்ச் சேரும் என்பதால், இத்தகைய ஊர்களுக்கு வேறொரு கணக்கு வேண்டும்: ஆண்டில் எத்தனை நாள் அந்த ஊர் துண்டிக்கப்படுகிறது, அந்த நாட்களில் யார் எதை இழக்கிறார்கள் என்பதே அது.

ஆர்க்டிக் கடலோரத்திலுள்ள டுக்டோயக்டுக் என்னும் ஊருக்கு, மக்கென்சி ஆறு உறையும் குளிர்காலத்தில் மட்டும் பனிமேல் வீதி இருந்தது. ஏறத்தாழ 30 கோடி டொலர் செலவில், 138 கிலோமீற்றர் நீளமான நிரந்தர வீதி 2017 நவம்பரில் திறக்கப்பட்டது. ஆனால் அது போய்ச் சேரும் இனுவிக் நகரிலிருந்து தெற்கே செல்ல இரண்டு ஆறுகளைக் கடக்க வேண்டும். கோடையில் படகுச் சேவை, கடுங்குளிரில் உறைந்த ஆறு. இடைப்பட்ட சில வாரங்களில் இரண்டுமில்லை. கிரான் புலிபாய்ந்தகல் வீதியில் வெள்ளம் ஏறும்போது மோட்டார் சைக்கிளை வீட்டில் நிறுத்திவிட்டு உழவு இயந்திரப் பெட்டியில் தொற்றிக்கொண்டு போகிறவர்களுக்கு, அதுவும் ஓடாத நாளில் தோணிக்குக் காத்திருப்பவர்களுக்கு, இதை விளக்கத் தேவையில்லை.

ஆகவே என் வாக்கு மதகடிக்கே. உள்வீதிச் சேறு காலை நனைக்கும், பிரசவ வலி கண்டவரை ஆஸ்பத்திரிக்குப் போகவிடாமல் மறிக்காது. (திறப்புவிழாப் பெயர்ப்பலகைக்குக் கொங்கிறீட் வீதிதான் வசதி என்பது வேறு கதை.)

பராமரிப்பையும் இப்போதே பேசிவிடுங்கள். ஹட்சன் குடாக் கரையிலுள்ள சேர்ச்சில் ஊருக்கு ரயில் பாதை மட்டுமே தரைவழி. 2017 மே மாத வெள்ளம் அதை அரித்தபோது, திருத்தும் செலவு யாருடையது என்ற வழக்காட்டத்தில் மாதங்கள் கரைந்து, 2018இன் பிற்பகுதியில்தான் மீண்டும் ரயில் வந்தது. உங்கள் மதகு எந்த வகை வீதியில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஏ, பி வகை வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், சி, டி வகை வீதிகள் மாகாணத் திணைக்களத்துக்கும், சிறு வீதிகள் பிரதேச சபைக்கும் உரியவை. தவறான கதவைத் தட்டினால் ஓர் ஆண்டு வீணாகும். கடந்த மாரியில் தண்ணீர் நின்ற நாட்களையும், அந்நாட்களில் பள்ளிக்கு வராத பிள்ளைகளின் தொகையையும் அதிபரின் வரவு இடாப்போடு ஒப்பிட்டு எழுதி, விண்ணப்பத்தின் முதற்பக்கத்திலேயே வையுங்கள்.

கேள்வி: குருமண்வெளி மண்டூர்த் துறைக்கு நாங்கள் பாலம் கேட்கிறோம். இந்நிலையில் பாதைக்கு (ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றித் தண்ணீரைக் கடக்கும் மிதவைக்கு) பணம் செலவிடுவது வீண் அல்லவா?
– வாசகி ஒருவர், மண்டூர்

பதில்: வீணன்று. மண்முனையில் 2014இல் பாலம் திறக்கும்வரை நானும் பாதையில் போய்வந்தவன்தான். மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே ஹாண்டிலைப் பிடித்தபடி, பலகை இடுக்கில் தெரியும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாலவேலை நடந்துகொண்டிருந்த 2021 நவம்பரில்தான் மாற்றுப் பாதை கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகளும் இறந்தார்கள். பாலம் கேட்கும் கடிதத்திலேயே, அதுவரைக்குமான பாதையின் பாரவரம்பு, உயிர்காப்பு அங்கிகள், இருபுறக் கம்பித் தடுப்பு ஆகியவற்றையும் கேளுங்கள். ஒரு வாரம் காலை ஆறரை மணிக்குத் துறையில் நின்று, ஒவ்வொரு தடவையும் ஏறும் ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் எண்ணி அக்கடிதத்தோடு இணையுங்கள்.