கணித ஆய்வாளரின் எச்-இண்டெக்ஸ் 6 என்பது குறைவா?

கேள்வி: கல்லூரி ஒன்றில் கணித உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலர் தளத்தில் என் எச்-இண்டெக்ஸ் 6. என்னோடு பணியில் சேர்ந்த உயிரித் தொழில்நுட்பத் துறை நண்பருக்கு 19. பதவி உயர்வு விண்ணப்பத்தில் இந்த எண்ணைக் கேட்கிறார்கள். என் ஆய்வின் மதிப்பு குறையாமல் இதை எப்படி முன்வைப்பது?

பதில்: இந்த இரண்டு எண்களையும் ஒரே தட்டில் வைக்கவே கூடாது. அதை விண்ணப்பத்திலேயே நீங்கள் காரணத்தோடு எழுத வேண்டும்.

ஒருவருடைய கட்டுரைகளுள் 6 கட்டுரைகள் பிறருடைய கட்டுரைகளில் தலா 6 மேற்கோள்களையாவது பெற்றிருந்து, 7 கட்டுரைகள் தலா 7 மேற்கோள்களை எட்டாதிருந்தால் அவருடைய எச்-இண்டெக்ஸ் 6. 2005இல் இதை முன்மொழிந்த இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ், உயிரறிவியலில் இந்த எண் இயற்பியலைவிட உயர்ந்தே இருக்கும் என்று அந்தக் கட்டுரையிலேயே குறிப்பிட்டார். அவர் கணக்கிட்டபோது இயற்பியலில் முதலிடத்தில் இருந்த எட்வர்ட் விட்டனுக்கு 110; உயிரறிவியலில் முதலிடத்தில் இருந்த சாலமன் ஸ்னைடருக்கு 191. விட்டன் 1990இல் கணிதத்தின் உயரிய விருதான ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்றவர். இந்த வேறுபாட்டைக் காட்டி அவருடைய ஆய்வு சிறியது என்று யாரும் வாதிட மாட்டார்கள்.

காரணம் துறைகளின் எழுத்துமுறையிலேயே இருக்கிறது. உயிரறிவியல் கட்டுரையின் துணைநூற்பட்டியல் நீளமானது. ஒரே கட்டுரையில் பலர் பெயர் இடம்பெறும். புதிய முடிவை மற்ற ஆய்வகங்கள் விரைவில் எடுத்தாளும். கணிதத்திலோ ஓரிருவர் சேர்ந்து எழுதுவதே வழக்கம். இதழுக்கு அனுப்பிய கட்டுரையின் மதிப்பீட்டுக்கே ஓராண்டுக்கு மேல் ஆகலாம். பத்தாண்டுக்குப் பிறகும் மேற்கோள்கள் வந்துகொண்டிருக்கும். ஓர் இதழின் முந்தைய 2 ஆண்டுக் கட்டுரைகள் சராசரியாகப் பெறும் மேற்கோள்களை மட்டுமே எண்ணும் தாக்கக் காரணி கணித இதழ்களுக்குக் குறைவாக அமைவதும் இதனால்தான். கணிதத்தின் புகழ்பெற்ற புதிரான பாயின்கரே அனுமானத்தை நிறுவிய கிரிகோரி பெரல்மான், 2002, 2003 ஆண்டுகளில் தம் மூன்று கட்டுரைகளையும் இதழில் வருமுன் கட்டுரைகளைப் பதிவிடும் ஆர்க்கைவ் தளத்தில் மட்டுமே வெளியிட்டார். ஆய்விதழ்க் கட்டுரைகளை மட்டும் எண்ணினால் அவை கணக்கிலேயே வராது.

ஆகவே எச்-இண்டெக்ஸுடன் துறைவாரியாகச் சரிசெய்த அளவையும் கொடுங்கள். ஸ்கோப்பஸ் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளம் தரும் துறைசார் எடையிட்ட மேற்கோள் தாக்கம் இதற்குப் பயன்படும். அது உங்கள் கட்டுரையை அதே துறையில், அதே ஆண்டில், அதே வகையில் வெளியானவற்றோடு மட்டும் ஒப்பிடுகிறது; உலகச் சராசரி 1. 2021இல் வந்த உங்கள் கட்டுரைக்கு 12 மேற்கோள்களும் அத்துறைச் சராசரி 6உம் என்று வைத்துக்கொண்டால் மதிப்பு 2. நண்பரின் கட்டுரைக்கு 45 மேற்கோள்கள் இருந்தும் அவர் துறைச் சராசரி 50 ஆனால் மதிப்பு 0.9தான். ஆனால் கட்டுரைகள் குறைவாக இருந்தால் ஒரே ஒரு கட்டுரை இந்தச் சராசரியைத் தூக்கிவிடும். அதனால் உங்கள் கட்டுரைகளுள் எத்தனை, துறையின் முதல் 10 சதவீதத்துக்குள் வருகின்றன என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. மேற்கோள் நடைமுறை துறைக்குத் துறை மாறுவதைக் கணக்கில் கொள்ள வேண்டும் என்று 2015இல் நேச்சர் இதழில் வெளியான லெய்டன் அறிக்கை (ஆய்வு மதிப்பீட்டுக்கான நெறிகளின் தொகுப்பு) சொல்கிறது. பதவி உயர்வுக் குழுவுக்கு அதையும் சுட்டலாம்.

ஆசிரியர் வரிசையில் கணிதத்தாருக்குத் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிமுறைப்படி இருவருக்கு மேல் எழுதிய கட்டுரையில் முதல் ஆசிரியருக்கு அல்லது தொடர்பு ஆசிரியருக்கு (இதழுடன் கடிதத் தொடர்பைக் கவனிப்பவர்) 70 சதவீதமும் மற்றவர்களுக்குத் தலா 30 சதவீதமும் மதிப்பெண். கணிதத்தில் பெயர்களைப் பெரும்பாலும் ஆங்கில அகரவரிசையில் இடுவதால், 'வி' என்று தொடங்கும் பெயருள்ளவர் முக்கியத் தேற்றத்தை நிறுவியிருந்தாலும் கடைசியில் நிற்பார். இந்த வழக்கத்தை ஒரு வரியில் விளக்குங்கள். நீங்கள் தொடர்பு ஆசிரியராக உள்ள கட்டுரைகளைத் தெளிவாகக் குறியுங்கள். கூட்டுக் கட்டுரையில் உங்கள் பங்கை உறுதிசெய்யும் கடிதத்தை இணை ஆசிரியர்களிடம் பெறுவது நல்லது.

எண்களை எடுக்கும் இடத்திலும் கவனம் வேண்டும். கூகுள் ஸ்காலர் ஆய்வேடுகளையும், இதழில் வருமுன் இணையத்தில் இடப்படும் முன்பதிப்புகளையும் சேர்ப்பதால் அதன் எண் பெரும்பாலும் ஸ்கோப்பஸைவிடக் கூடுதலாக இருக்கும். உங்கள் எண் ஒரு தளத்திலிருந்தும் நண்பருடையது மற்றொன்றிலிருந்தும் வந்தால் ஒப்பீடே குலையும். கூகுள் ஸ்காலரில் உங்கள் பெயரே கொண்ட வேறொருவரின் கட்டுரைகள் கலந்திருந்தால் அவற்றை முதலில் நீக்கிவிட்டு, தளத்தின் பெயரையும் எண்ணை எடுத்த தேதியையும் ஒவ்வோர் எண்ணுக்கும் அருகில் எழுதுங்கள்.