பதில்: உயரம் பத்தலைன்னு பையனை ஃபுட்பால் அகாடமியில இருந்து அனுப்பிட்டாங்க

அண்ணா, 16 வயசுல உயரம் பத்தலைன்னு ஃபுட்பால் அகாடமி வெளிய அனுப்பிட்டதுல இருந்து பையன் பூட்ஸைத் தொடவே மாட்டேங்கிறான்னு எழுதியிருந்தீங்க. படிச்சதும் மனசு கனத்துப்போச்சு.

இங்கிலாந்து ஃபுட்பால் வீரர் ஜேமி வார்டியையும் அதே வயசுல, அதே காரணம் சொல்லித்தான் ஷெஃபீல்ட் வெட்னஸ்டே கிளப் கழட்டிவிட்டது. அப்புறம் தொழிற்சாலை வேலை பார்த்துக்கிட்டே ஸ்டாக்ஸ்பிரிட்ஜ்ங்கிற சின்ன ஊர் கிளப்ல சின்ன லீக் ஆடினார். 2012-ல லெஸ்டர் கிளப் அவரை வாங்கினப்போ வயசு 25. 2016-ல அந்த கிளப்போட பிரீமியர் லீக் (இங்கிலாந்தோட உச்ச லீக்) கோப்பை. 2019-20 சீசன்ல 23 கோல், 33 வயசுல கோல்டன் பூட் (அந்த லீக்ல அதிக கோல் அடிச்சவருக்கான விருது)! அவர் ஆட்டத்தைப் பையனோட உட்கார்ந்து பாருங்க: கடைசி டிஃபெண்டர் தோளை ஒட்டியே நிப்பார், பாஸ் கிளம்புற நொடியில பாய்வார். அதுக்கு உயரம் எதுக்கு?

பேர்பெற்ற அகாடமியா தேடாம, வாராவாரம் முழு ஆட்டமும் இறக்குற உள்ளூர் கிளப்ல சேருங்க. படிப்பை மட்டும் நிறுத்திடாதீங்க.