இன்காக்னிட்டோ சாளரம் யாரிடமிருந்து மறைக்கிறது?

கேள்வி: நான் எப்போதும் இன்காக்னிட்டோ சாளரத்தில்தான் இணையத்தைப் பார்க்கிறேன். அப்படியும் நான் செல்லும் தளங்கள் இணையச் சேவை நிறுவனத்துக்குத் தெரியுமா? கட்டணம் செலுத்தி விபிஎன் வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: தெரியும். உங்கள் கணினியைப் பயன்படுத்தும் இன்னொருவரின் கண்ணில் வரலாறும் குக்கிகளும் படாமல் இன்காக்னிட்டோ பார்த்துக்கொள்ளுமே தவிர, கணினியை விட்டு வெளியே செல்லும் தரவை அது தொடுவதே இல்லை.

முகவரி ‘எச்டிடிபிஎஸ்’ என்று தொடங்கும் தளங்களில், நீங்கள் படிக்கும் பக்கத்தையும் தட்டச்சு செய்யும் கடவுச்சொல்லையும் நிறுவனத்தால் படிக்க முடியாது. ஆனால், தளத்தின் பெயரை அதன் இணைய முகவரியான ஐபி எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் வினவல், பெரும்பாலும் மறையாக்கம் (பிறர் படிக்க முடியாதபடி மாற்றுதல்) ஏதுமின்றி அந்த நிறுவனத்தின் சர்வருக்கே செல்கிறது. ஒரு குறிப்பிட்ட நோய்க்கான தளத்தை ஒருவர் நள்ளிரவில், அதுவும் வாரத்தில் நான்கு நாள் திறக்கிறார் என்று தெரிந்துவிட்டால், அவர் எந்தப் பக்கத்தைப் படித்தார் என்று தேடவேண்டிய அவசியம் யாருக்கும் இராது.

ஆகவே, செலவில்லாத வேலையை முதலில் முடியுங்கள். பிரவுசர் அமைப்புகளில், வினவலை மறையாக்கி அனுப்பும் பாதுகாப்பான டிஎன்எஸ் வசதியை இயக்கி, சேவை நிறுவனத்துடையது அல்லாத வேறொன்றைத் தேர்ந்தெடுங்கள். ஆண்ட்ராய்டு 9 முதலான கைபேசிகளில் இதே வசதி முழுக் கைபேசிக்கும் பொருந்துமாறு உள்ளது. ரவுட்டரில் டிஎன்எஸ் எண்ணை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு; மறையாக்கம் இல்லாத வினவல் யாருடைய சர்வருக்குச் சென்றாலும் வழியிலேயே படிக்கப்படலாம்.

இத்தனைக்குப் பிறகும் ஓர் ஓட்டை எஞ்சுகிறது. பாதுகாப்பான இணைப்பைத் தொடங்கும் கணத்தில் பிரவுசர் தளத்தின் பெயரை மீண்டும் ஒருமுறை வெளிப்படையாகச் சொல்கிறது; அதை மறைக்கும் நுட்பம் இருந்தும் எல்லாத் தளங்களும் அதை ஏற்கவில்லை.

உங்கள் தரவு முழுவதையும் மறையாக்கித் தன் சர்வர் வழியாக அனுப்பும் விபிஎன் அந்த ஓட்டையை அடைக்கும். அதன் பின் சேவை நிறுவனத்துக்குத் தெரிவது விபிஎன் சர்வரின் முகவரியும், தரவின் அளவும், நேரமும்தான். ஆனால் அதுவரை சேவை நிறுவனம் பார்த்தவற்றை இனி விபிஎன் நிறுவனம் பார்க்கும் என்பதால், முன்னதைவிடப் பின்னதை நம்பக் காரணம் இருந்தால் மட்டுமே வாங்குங்கள். பதிவுகளைச் சேமிப்பதில்லை என்ற அதன் வாக்கை வெளித் தணிக்கையாளர் எவரேனும் சோதித்து அறிக்கை தந்திருக்கிறாரா என்று பாருங்கள். வருவாய்க்கு வழி என்னவென்று சொல்லாத இலவச விபிஎன்களை நான் பரிந்துரைப்பதில்லை. வாங்கினால், விபிஎன் துண்டிக்கப்படும்போது இணையத்தையும் நிறுத்திவிடும் ‘கில் ஸ்விட்ச்’ வசதியை இயக்கி வையுங்கள். இல்லையெனில் இணைப்பு அறுந்த சில நொடிகளில் தரவு பழைய வழியிலேயே சென்றுவிடும்.